வங்கித் தலைவியின் நன்கொடை: அது யார் பணம்?

பெரிய வங்கி ஒன்றின் பெண் தலைவர் ஓய்வு பெறும்போதோ விருது வாங்கும்போதோ செய்திகளில் வழக்கமாக ஒரு பத்தி வரும். அவர் தலைமையில் இத்தனை கிராமங்களுக்கு நலத்திட்டம் போனது, இத்தனை மகளிர் குழுக்களுக்கு உதவி கிடைத்தது, அறக்கட்டளைக்கு இவ்வளவு தொகை கொடுத்தார் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். படிக்கிறவருக்கு அவ்வளவு பணமும் அந்த அம்மாவின் சொந்தப் பையிலிருந்து போனது போலத் தோன்றும். உடனே கீழே கருத்துப் போர். ஒரு பக்கம் வள்ளல் என்பார்கள், மறுபக்கம் "நம்ம டெபாசிட் பணத்தை எடுத்துக் கொடுத்துட்டு பேர் வாங்குறாங்க" என்பார்கள். இரண்டு பக்கமும் பாதிதான் சரி, ஏனென்றால் இரு சாராரும் மூன்று வேறு வேறு பணத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

அடிப்படையிலிருந்து தொடங்கலாம்.

மூன்று பைகள்

1. சொந்தப் பை. சம்பளம், போனஸ், பங்குகள், ஓய்வூதியம். வரி கட்டியது போக மிஞ்சுவதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். நன்கொடை என்ற சொல் முழுப் பொருளில் இதற்கு மட்டும்தான் பொருந்தும்.

2. வங்கியின் லாபப் பை. லாபத்தில் ஒரு பங்கை சமூகப் பணிக்குச் செலவிடுவது. சிஎஸ்ஆர் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். இது பங்குதாரர்களின் பணம். தலைவரின் வேலை, அதை எங்கே செலவிடுவது என்று முடிவு செய்யும் குழுவை நடத்துவது.

3. கடன் பை. மகளிர் சுய உதவிக் குழுவுக்கோ சிறு விவசாயிக்கோ வங்கி கொடுக்கும் கடன். இதில் பெரும்பகுதி டெபாசிட் போட்டவர்களின் பணம், வட்டியோடு திரும்பி வந்தாக வேண்டும். இதை உதவி என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது, ஆனால் இது தொழில்.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று ஊரில் சொல்வார்களே, அந்தக் குற்றச்சாட்டு இரண்டாவது, மூன்றாவது பைகள் மேல்தான் அடிக்கடி விழுகிறது. அது நியாயமா என்று பார்க்க, முதலில் இந்தப் பெண்கள் அந்த நாற்காலிக்கு எப்படி வந்தார்கள் என்று தெரிய வேண்டும். வந்த பாதைதான் சொந்தப் பையின் அளவையும் தீர்மானிக்கிறது.

மேலே வந்த இரண்டு பாதைகள்

1969 ஜூலையில் 14 வங்கிகளும் 1980-இல் மேலும் ஆறும் நாட்டுடைமை ஆயின. கிளைகள் பெருகின, ஆள் எடுக்க வேண்டியிருந்தது, ஆள் எடுக்கப் போட்டித் தேர்வு வந்தது. சிபாரிசும் குடும்பத் தொடர்பும் இல்லாமல் ஒரு பெண் அதிகாரியாக நுழைய அந்தத் தேர்வு ஒரு வாசல். நுழைந்தவர்கள் உச்சிக்கு வர முப்பது, முப்பத்தைந்து வருடம் ஆகும், அதனால்தான் 2013-ஐ ஒட்டி ஒரே நேரத்தில் பல பொதுத்துறை வங்கிகளுக்குப் பெண்கள் தலைவரானதைப் பார்த்தோம். திடீரென்று யாருக்கோ ஞானம் வந்து நடந்ததல்ல, எழுபதுகளில் போட்ட விதை.

அருந்ததி பட்டாச்சார்யாவின் பாதை இதற்கு அச்சான உதாரணம். ஆங்கில இலக்கியம் படித்தவர், 1977-இல் பாரத ஸ்டேட் வங்கியில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்தார், 2013 அக்டோபரில் அதன் முதல் பெண் தலைவரானார். நான்கு வருடம் இருந்தார். 2017 ஏப்ரல் 1 அன்று ஐந்து துணை வங்கிகளும் பெண்களுக்கான பாரதிய மகிளா வங்கியும் ஸ்டேட் வங்கியோடு இணைந்தது அவர் காலத்தில்தான்.

அவருக்கும் முன்னால் இரண்டு பெயர்கள் உண்டு, அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. தர்ஜனி வக்கீல் 1993-இல் ஏற்றுமதி இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கியின் தலைவரானார். ரஞ்சனா குமார் 2000-இல் நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கிக்கு வந்தார், நாட்டுடைமை வங்கி ஒன்றின் முதல் பெண் தலைவர் அவர்தான். அப்போது இந்தியன் வங்கி இருந்த நிலை இன்றைய வாடிக்கையாளர்களுக்கு நம்பக்கூட முடியாது: 1995-96 ஒரே ஆண்டில் 1,336 கோடி ரூபாய் நஷ்டம், அரசு திரும்பத் திரும்ப மூலதனம் போட்டுத் தாங்கிக்கொண்டிருந்த வங்கி. அவர் காலத்தில் அது லாபத்துக்குத் திரும்பியது. அதன்பின் அவர் விவசாய, கிராம வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டின் தலைவராகப் போனார்.

இரண்டாவது பாதை தனியார். ஐசிஐசிஐ எண்பதுகளில் மேலாண்மைப் படிப்பு முடித்த பெண்களை வேலைக்கு எடுத்தது, அப்போது அது வங்கிகூட இல்லை, தொழில் கடன் நிறுவனம். 1985-இல் தலைவரான நாராயணன் வாகுல் திறமை பார்த்துப் பொறுப்பு கொடுப்பவர் என்று பெயர் எடுத்தவர். அங்கே 1980-இல் சேர்ந்த ஷிகா சர்மா 2009-இல் ஆக்சிஸ் வங்கியின் தலைமை நிர்வாகியானார், 1984-இல் சேர்ந்த சந்தா கோச்சார் அதே 2009-இல் ஐசிஐசிஐ வங்கியின் தலைமை நிர்வாகியானார். அந்நிய வங்கிகள் வழியாக வந்தவர் நைனா லால் கித்வாய். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் 1982-இல் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண், கிரிண்ட்லேஸ், மார்கன் ஸ்டான்லி என்று போய் எச்எஸ்பிசி இந்தியாவின் தலைமைக்கு வந்தார்.

இரண்டு பாதைக்கும் கிடைக்கும் கௌரவம் ஏறக்குறைய ஒன்று. சம்பளம் ஒன்றல்ல.

சொந்தப் பை எவ்வளவு பெரியது?

2016-17 நிதியாண்டில் நாட்டின் மிகப் பெரிய வங்கியின் தலைவரான பட்டாச்சார்யா வாங்கியது சுமார் 29 லட்சம் ரூபாய். மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு. அதே ஆண்டில் ஐசிஐசிஐ தலைமை நிர்வாகியின் அடிப்படைச் சம்பளம் மட்டுமே இரண்டரைக் கோடிக்கு மேல், போனஸும் பங்குகளும் தனி. பொதுத்துறை வங்கித் தலைவருக்கு வீடு, கார், ஓய்வூதியம் எல்லாம் உண்டு, ஆனால் கோடிக்கணக்கில் நன்கொடை கொடுக்கும் அளவுக்குச் சேர்த்துவைக்க வழியில்லை. அப்படி ஒருவர் பதவியில் இருக்கும்போதே "50 கோடி கொடுத்தார்" என்று படித்தால், கொடுத்தது வங்கி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

தனியார் வங்கித் தலைவருக்கோ கோடிகள் உண்டு, ஆனால் செய்தியில் வரும் எண்ணும் கைக்கு வரும் எண்ணும் வேறு. 2019 நவம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்டு 2020 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்த சம்பள விதிகள்தான் காரணம். சுருக்கமாக:

1. மொத்த ஊதியத்தில் குறைந்தது பாதி, செயல்பாட்டைப் பொறுத்து மாறும் ஊதியமாக இருக்க வேண்டும். அந்த மாறும் பகுதி நிலையான சம்பளத்தைப் போல் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது.

2. மாறும் ஊதியம் நிலையான சம்பளத்தின் இரண்டு மடங்கு வரை இருந்தால் அதில் குறைந்தது பாதியை ரொக்கமாகத் தர முடியாது, பங்கு சார்ந்ததாகத்தான் தர வேண்டும். அதற்கு மேல் போனால் 67 சதவீதம்.

3. மாறும் ஊதியத்தில் குறைந்தது 60 சதவீதத்தை மூன்று வருடமோ அதற்கு மேலோ தள்ளிப் போட வேண்டும். ரொக்க போனஸிலும் குறைந்தது பாதி இப்படித் தள்ளிப் போக வேண்டும்.

4. தவறு தெரியவந்தால் இன்னும் கொடுக்காததை நிறுத்தலாம், அதற்கு மாலஸ் என்று பெயர். கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாம், அது கிளாபேக்.

எண் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். கற்பனையாக ஒருவருக்கு நிலையான சம்பளம் 4 கோடி, மாறும் ஊதியம் 8 கோடி என்று வைத்துக்கொள்வோம். தலைப்பில் 12 கோடி என்று வரும். அந்த 8-இல் ரொக்கம் அதிகபட்சம் 4, அதிலும் பாதி பின்னால்தான். ஆக அந்த ஆண்டு ரொக்கமாகக் கைக்கு வருவது அதிகபட்சம் 6 கோடி, அதுவும் வருமான வரி போவதற்கு முன்னால். மீதி எல்லாம் பங்காகவும் வாக்குறுதியாகவும் நிற்கும்.

கிளாபேக் வெறும் காகித விதியும் இல்லை. இந்தச் சுற்றறிக்கை வருவதற்கு முன்பே, 2019 ஜனவரியில், ஐசிஐசிஐ வங்கி தன் முன்னாள் தலைமை நிர்வாகிக்குப் பல ஆண்டுகளாகக் கொடுத்த போனஸ்களைத் திரும்பப் பெற முடிவெடுத்தது. பதவியில் இருக்கும்போதே சொத்தில் பெரும்பகுதியை அறக்கட்டளைக்கு எழுதிவைக்க வங்கியாளர்கள் தயங்குவதற்கு இப்படி ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. இன்னும் முழுசாகத் தன்னுடையது ஆகாத பணத்தை எப்படிக் கொடுப்பது?

பங்கைக் கொடுப்பதா, விற்றுப் பணமாகக் கொடுப்பதா?

தனியார் வங்கித் தலைவரின் உண்மையான செல்வம் ஈசாப்பில் இருக்கிறது. பிற்காலத்தில் ஒரு விலைக்குப் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை இன்றே கொடுப்பதுதான் ஈசாப். 100 ரூபாய்க்கு வாங்கும் உரிமை இருக்கிறது, உரிமையைப் பயன்படுத்தும் நாளில் சந்தை விலை 600 என்றால், வித்தியாசம் 500 ரூபாய் சம்பளமாகவே கருதப்பட்டு வரி போடப்படும். பங்கை விற்று ஒரு பைசா பார்க்காவிட்டாலும் வரி உண்டு. பிறகு 800-க்கு விற்றால் 600-க்கும் 800-க்கும் இடையிலான லாபத்துக்குத் தனியாக மூலதன ஆதாய வரி.

இப்போது இதை ஓர் அறக்கட்டளைக்குக் கொடுக்க நினைக்கிறார். இரண்டு வழி.

விற்றுவிட்டுப் பணமாகக் கொடுத்தால் மூலதன ஆதாய வரி கட்ட வேண்டும், ஆனால் 80ஜி என்று எல்லாரும் சொல்லிப் பழகிய வரிச் சலுகை கிடைக்கலாம். கிடைக்கலாம் என்று இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது: அந்தச் சலுகை பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத்தான், புதிய முறையில் இருப்பவர்களுக்குக் கிடையாது. பழைய முறையிலும் சாதாரண அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் பாதிதான் கழிவு, அந்தத் தொகைக்கும் மொத்த வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு வேறு. அதனால் "வரி மிச்சம் பிடிக்கத்தான் கொடுக்கிறார்கள்" என்ற வழக்கமான கேலி கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது. நூறு ரூபாய் கொடுத்து அதிகபட்சம் இருபது சொச்சம் வரி மிச்சமாகும் இடத்தில், எண்பது ரூபாய் கையை விட்டுப் போகத்தான் செய்கிறது.

பங்காகவே கொடுத்தால் கொடுப்பவருக்கு மூலதன ஆதாய வரி வராது, ஏனென்றால் தானம் விற்பனை ஆகாது. ஆனால் 80ஜி சலுகையும் கிடையாது, பணமாகக் கொடுத்தால் மட்டுமே அது. அப்புறம் வாங்கும் அறக்கட்டளைக்கும் ஒரு தலைவலி. வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளைகள் சட்டம் சொல்லும் வகைகளில்தான் பணத்தை முதலீடு செய்து வைக்கலாம், சாதாரண நிறுவனப் பங்குகள் அந்தப் பட்டியலில் இல்லை. தானமாக வந்த பங்கைக் குறிப்பிட்ட காலத்துக்குள், அதாவது அது வந்த நிதியாண்டு முடிந்து ஒரு வருடத்துக்குள், விற்றாக வேண்டும். வெளிநாடுகளில் பெரும் பணக்காரர்கள் நிறுவனப் பங்குகளை அறக்கட்டளையில் போட்டுத் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் கதைகளைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே அது எளிதல்ல.

இதில் இன்னொரு பூட்டும் உண்டு. வங்கியின் உள்விவரம் தெரிந்தவர் என்பதால் தலைவர் நினைத்த நேரத்தில் பங்கை விற்க முடியாது. காலாண்டு முடிவுகளை ஒட்டிய நாட்களில் வர்த்தக ஜன்னல் மூடியிருக்கும், அதாவது பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது, மற்ற நாட்களிலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் முன் அனுமதி வேண்டும், பிறகு பங்குச் சந்தைக்கு அறிவிக்க வேண்டும். வங்கித் தலைவர்களின் தானம் செய்தியாக வெளியே வருவதே பெரும்பாலும் இந்த அறிவிப்பு வழியாகத்தான், அவர்கள் ஊரைக் கூட்டிச் சொல்வதால் அல்ல. 2022-இல் ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் வங்கியின் தலைமை நிர்வாகி வைத்தியநாதன் தன் பயிற்சியாளர், வீட்டுப் பணியாளர், ஓட்டுநர் உள்ளிட்டோருக்கு 9 லட்சம் பங்குகளைக் கொடுத்தது அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. (அவர் பெண் அல்ல, ஆனால் விதி எல்லாருக்கும் ஒன்று.) உறவினர் அல்லாத ஒருவருக்கு 50,000 ரூபாய்க்கு மேல் இப்படிக் கிடைத்தால் வாங்கியவர்தான் வரி கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வங்கியின் லாபப் பை: இங்கேதான் பெரிய எண்கள்

2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 500 கோடி நிகர மதிப்பு, அல்லது 1,000 கோடி விற்றுமுதல், அல்லது 5 கோடி நிகர லாபம், இதில் ஏதேனும் ஒன்றைத் தொட்ட நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தனியார் வங்கிகள் எல்லாம் கம்பெனிகள்தான், ஆகவே விதி பொருந்தும். சராசரி லாபம் 10,000 கோடி உள்ள வங்கிக்கு ஆண்டுக்கு 200 கோடி. மேலே போட்ட 6 கோடி கணக்கோடு இதை ஒப்பிட்டால் எந்தப் பையிலிருந்து பெரிய திட்டங்கள் வருகின்றன என்று புரிந்துவிடும்.

ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது: இந்தப் பிரிவு ஸ்டேட் வங்கியையோ நாட்டுடைமை வங்கிகளையோ கட்டுப்படுத்தாது. அவை கம்பெனிகள் சட்டத்தில் பதிவான கம்பெனிகள் அல்ல, நாடாளுமன்றம் தனிச் சட்டங்கள் போட்டு உருவாக்கியவை. ஸ்டேட் வங்கிக்கு 1955-ஆம் ஆண்டு சட்டம், மற்றவற்றுக்கு 1970, 1980 சட்டங்கள். வங்கிகள் கொடுக்கும் நன்கொடைக்கு ரிசர்வ் வங்கி பழைய வழிகாட்டுதல் ஒன்றில் முந்தைய ஆண்டு லாபத்தில் 1 சதவீதம் என்று மேல் எல்லை வைத்தது, பொதுத்துறை வங்கிகள் அதை ஒட்டியே செலவிடுகின்றன. ஆக தனியார் வங்கிக்கு 2 சதவீதம் தரை, அரசு வங்கிக்கு 1 சதவீதம் கூரை. "அரசு வங்கி ஏன் தனியாரைவிடக் குறைவாகச் செலவிடுகிறது" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். அரசு வங்கியின் லாபம் ஈவுத்தொகையாக அரசுக்கும் போகிறது என்பது தனிக் கணக்கு.

சரி, இந்தப் பணத்தில் தலைவருக்கு எவ்வளவு சுதந்திரம்? நினைப்பதைவிடக் குறைவு. இயக்குநர் குழுவின் சிஎஸ்ஆர் கமிட்டி திட்டம் போட வேண்டும். வங்கியின் வழக்கமான தொழிலை, உதாரணத்துக்குக் கணக்கு தொடங்கும் முகாமை, சமூகப் பணியாகக் காட்ட முடியாது. சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுவதும், விளம்பரத்துக்காக ஸ்பான்சர் செய்வதும், கட்சிகளுக்குக் கொடுப்பதும் கணக்கில் சேராது. நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2021-இல் விதிகள் இறுகியபின், செலவழிக்காத தொகையை அப்படியே அடுத்த ஆண்டுக்குத் தள்ளி மறந்துவிடவும் முடியாது, தனிக் கணக்கிலோ அரசு குறிப்பிடும் நிதியிலோ போட்டாக வேண்டும்.

அப்படியானால் தலைவரின் பங்கு என்ன என்று கேட்டால், தேர்வுதான். 200 கோடியை எல்லா மாநிலங்களிலும் நாற்காலி, மேசை, ஆம்புலன்ஸ் என்று தூவிவிட்டு ரிப்பன் வெட்டலாம். ஒரே துறையில் பத்து வருடம் விடாமல் நின்றும் வேலை செய்யலாம். ஐசிஐசிஐ ஃபவுண்டேஷன் 2008-லும், ஆக்சிஸ் பேங்க் ஃபவுண்டேஷன் 2006-லும், அதாவது சட்டம் வருவதற்கு வெகுமுன்பே, தொடங்கப்பட்டவை. ஒரு தலைவரைப் பாராட்டவோ குறை சொல்லவோ வேண்டுமென்றால் தொகையை வைத்துச் செய்வதில் பொருளே இல்லை, தொகையைத் தீர்மானித்தது சட்டம். எதைத் தேர்ந்தெடுத்தார், அவர் போனபின்பும் அது நடக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

கடன் என்பது தர்மம் அல்ல

மூன்றாவது பையில் குழப்பம் இன்னும் அதிகம். "மகளிர் குழுக்களுக்கு உதவி" என்று படிக்கும்போது இலவசமாகப் போனது போல ஒலிக்கிறது. நடப்பது வேறு. வணிக வங்கிகள் தம் கடன்களில் 40 சதவீதத்தை விவசாயம், சிறுதொழில், நலிந்த பிரிவினர் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதற்குள் விவசாயத்துக்கு 18 சதவீதம், நலிந்த பிரிவினருக்கு 12 சதவீதம். இலக்கை எட்டாத வங்கி, இலக்குக்கு எவ்வளவு குறைகிறதோ அந்தத் தொகையை நபார்டின் கிராமக் கட்டமைப்பு நிதி போன்றவற்றில் குறைந்த வட்டிக்குப் போட்டுவைக்க வேண்டும், அது ஒருவகைத் தண்டனை. சுய உதவிக் குழுக் கடன் இந்த இலக்குக்குள் வருவதால், கருணை இல்லாத வங்கியும் அதைக் கொடுக்கத்தான் செய்யும்.

இதற்காக அதைச் சிறுமைப்படுத்த வேண்டாம். 1989-இல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு குழுக்கள் தொடங்கப்பட்டன, 1992-இல் நபார்டு 500 குழுக்களோடு வங்கி இணைப்புத் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியது. அடமானம் எதுவும் இல்லாத பெண்களுக்கு, ஒருவருக்கொருவர் கொடுக்கும் உத்தரவாதத்தின் பேரில் வங்கி கடன் கொடுத்தது அன்றைக்குப் பெரிய மாற்றம். தர்மமாக இருந்திருந்தால் ஓர் ஆண்டோடு நிதி தீர்ந்து நின்றிருக்கும். திரும்பி வரும் பணம் என்பதால்தான் மறுபடி மறுபடி சுற்றியது.

நல்ல நோக்கமும் தொழிலும் ஒன்றையொன்று மிதிக்கும்போது என்ன ஆகும் என்பதற்கு பாரதிய மகிளா வங்கியைப் பார்க்கலாம். 2013 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் 1,000 கோடி மூலதனத்தோடு அறிவித்தார், அந்த ஆண்டு நவம்பர் 19 அன்று திறந்தார்கள், உஷா அனந்தசுப்ரமணியன் முதல் தலைவர். நான்கு வருடம்கூட ஆகாமல் ஸ்டேட் வங்கியில் கரைந்தது. பெண்களுக்குக் கடன் போய்ச் சேர ஏற்கெனவே ஊர் ஊராக இருக்கும் கிளைகள்தான் வேண்டும், பெண்கள் பெயரில் ஒரு புது வங்கி அல்ல என்பது என் கணிப்பு.

சிக்கல் எங்கே வரும்?

மூன்று பைகளும் தனித்தனியாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஒன்றுக்குள் ஒன்று கை வைத்தால்தான் வில்லங்கம்.

1. தலைவரோ அவர் குடும்பமோ நடத்தும் அறக்கட்டளைக்கு வங்கியின் சிஎஸ்ஆர் பணம் போவது. வங்கியே தொடங்கிய அறக்கட்டளை என்றால் சட்டம் அனுமதிக்கிறது, தலைவரின் குடும்ப அறக்கட்டளை என்றால் அது நலன் முரண், வெளிப்படையாகச் சொல்லி அந்த முடிவிலிருந்து அவர் விலகி நிற்க வேண்டும்.

2. வங்கியில் கடன் வாங்கிய தொழிலதிபர் தலைவரின் அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுப்பது. இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நல்ல காரியத்துக்குத்தானே என்று தோன்றும், ஆனால் ஊழல் தடுப்புச் சட்டத்தில் அனுகூலம் தனக்கு வந்தாலும் வேறொருவருக்கு வந்தாலும் ஒன்றுதான். அரசு வங்கியாளர்களுக்கு மட்டும்தான் இது என்று தனியார் வங்கிக்காரர்கள் ஆறுதல்பட முடியாது: தனியார் வங்கி அதிகாரிகளும் அந்தச் சட்டத்தின்கீழ் பொது ஊழியர்களே என்று உச்ச நீதிமன்றம் 2016 பிப்ரவரியில் தீர்ப்பளித்துவிட்டது.

3. வங்கி தன் சொந்த இயக்குநர்களுக்குக் கடன் கொடுப்பது. வங்கிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1949-லிருந்தே 20-ஆவது பிரிவில் இதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

பல பெண் வங்கியாளர்கள் தங்கள் பொதுப்பணியைப் பதவியை விட்டு இறங்கியபின் தீவிரமாக எடுத்துக்கொள்வதற்கு இந்த விதிகள் ஒரு காரணம். நேரமின்மை இன்னொன்று.

காசோலை இல்லாத கொடை

என் பார்வையில் இந்த வங்கியாளர்கள் கொடுத்ததில் பெரியவை பணக் கணக்கில் வராதவை.

கித்வாய் எச்எஸ்பிசியில் இருந்தபோதே ஏழைப் பெண் தொழிலாளர்களின் சங்கமான அகமதாபாத் சேவா அமைப்பின் பெண்களோடு வேலை செய்தவர். 2015-இல் தொடங்கிய இந்தியத் துப்புரவுக் கூட்டமைப்புக்குத் தலைமை ஏற்றார். கழிப்பறை கட்டுவதைவிட அதைப் பராமரிப்பது, கழிவை அகற்றுவது, அதற்கு நிதி திரட்டுவது இவைதான் சிரமமான பகுதி. திட்டத்தைப் பிரித்து யார் எந்தச் செலவைத் தாங்குவது என்று கணக்குப் போடும் ஆள் தேவைப்பட்டது, அது வங்கியாளரின் வேலைதான்.

பட்டாச்சார்யா கொண்டுவந்த ஒரு விதி: குழந்தை வளர்ப்புக்கோ, பிள்ளைகளின் தேர்வுக்கோ, வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளவோ பெண் ஊழியர்கள் இரண்டு வருடம் வரை விடுப்பில் போய்த் திரும்பி வரலாம். வங்கி வேலையில் பதவி உயர்வு என்றால் இடமாற்றம், இடமாற்றம் என்றால் குடும்பத்தை விட்டுப் போவது அல்லது உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது. நடுவில் விழுந்துபோகும் பெண்கள் அந்த இடத்தில்தான் விழுகிறார்கள். எந்த நன்கொடைப் பட்டியலிலும் வராத விதி, ஆனால் எத்தனை பேருடைய சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் காப்பாற்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்று பைகள் என்ற பிரிப்பே பொருந்தாத ஒரு வகையும் உண்டு, சேவைக்காகவே வங்கி தொடங்கியவர்கள். 1974-இல் இலா பட் வழிகாட்டுதலில் அகமதாபாத்தில் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு சேவா வங்கியைத் தொடங்கினார்கள். மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டம் மஸ்வாடில் சேத்னா சின்ஹா கிராமத்துப் பெண்களுக்காகக் கூட்டுறவு வங்கி தொடங்க உரிமம் கேட்டபோது, உறுப்பினர்கள் கைநாட்டு வைப்பவர்கள் என்று ரிசர்வ் வங்கி மறுத்தது. பெண்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு மறுபடி போய் நின்றார்கள், 1997-இல் மாண் தேசி வங்கி பிறந்தது. அங்கேயும்கூட வங்கி வேறு, பயிற்சியும் வானொலியும் நடத்தும் அறக்கட்டளை வேறு என்று தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த முறை செய்தி வரும்போது

1. வினைச்சொல்லைப் பாருங்கள். "கொடுத்தார்" என்றால் சொந்தப் பையாக இருக்கலாம், "ஒதுக்கப்பட்டது" என்றால் சிஎஸ்ஆர், "வழங்கப்பட்டது" என்று கூட்டங்களில் சொன்னால் பெரும்பாலும் கடன்.

2. தொகையை அவரது ஆண்டு ஊதியத்தோடு ஒப்பிடுங்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட எல்லா வங்கிகளின் ஆண்டறிக்கையிலும் தலைவரின் ஊதியம் வரி வரியாக இருக்கும், சிஎஸ்ஆர் செலவும் தனிப் பகுதியாக இருக்கும். பத்து நிமிட வேலை.

3. வாங்கிய அறக்கட்டளையின் அறங்காவலர்கள் யார் என்று பாருங்கள், கொடுத்தவரின் வீட்டுப் பெயர்கள் அங்கே இருக்கின்றனவா என்றும். இருந்தால் உடனே தப்பு என்று அர்த்தமில்லை, சொந்தக் காசைச் சொந்த அறக்கட்டளையில் போட யாருக்கும் உரிமை உண்டு. வங்கியின் காசோ, வங்கியில் கடன் வாங்கியவரின் காசோ அதே கணக்கில் வந்திருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி.